வெள்ளரி விதை எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் கொடிகாமத்திலும் சாவகச்சேரியிலும் திருநெல்வேலியிலும் சந்தை வாசலுக்கு வெள்ளரிப்பழம் வந்துவிடும். தோல் வெடித்து உள்ளே மாப்போல வெளுத்த சதை தெரியும். வீட்டுக்குக் கொண்டு வந்து, விதையை வழித்து எறிந்துவிட்டு, சதையில் சீனியோ பனங்கட்டியோ தூவிச் சாப்பிடுவோம். நான் சொல்ல வந்தது அந்த எறிந்த விதையைப் பற்றி.

சின்ன வளவு ஒன்று இருக்கிறது, கிணறு இருக்கிறது, ஊர் வெள்ளரியை அழியவிடாமல் வைத்திருக்க ஆசையும் இருக்கிறது, ஆனால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தொடங்கியபோது முதல் மூன்று ஆண்டும் பிழையாகவே செய்தேன். அந்தப் பிழையைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரும் அதையே செய்கிறார்கள்.

சந்தையில் கண்டதிலேயே பெரிய, வாசம் கூடிய ஒரே ஒரு பழத்தை வாங்கி அதன் விதையை மட்டும் போட்டேன். நன்றாகக் காய்த்தது. மறு ஆண்டு அதிலும் ஆகப் பெரிய பழத்தை விதைக்கு வைத்தேன். அடுத்த ஆண்டும் அப்படியே. மூன்றாம் ஆண்டில் கொடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே முகமாக வந்தன. சாம்பல் நோய் வந்தபோது எல்லாம் ஒரே கிழமையில் இலை வெளுத்துக் கருகின. தப்பிப் பிழைத்த கொடி என்று ஒன்றுகூட இல்லை.

என் அம்மம்மா இப்படிச் செய்ததில்லை. பருவம் முழுக்க வீட்டில் வெட்டுகிற ஒவ்வொரு பழத்திலிருந்தும் ஒரு சிட்டிகை விதை எடுப்பார். சாம்பலும் சாணமும் சேர்த்து வறட்டிபோலத் தட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுவார். பெரிய பழம், சிறிய பழம், முந்திப் பழுத்தது, கடைசியில் வந்தது எல்லாம் அதில் இருக்கும். அவர் அதற்குக் காரணம் சொன்னதில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கறுத்தக்கொழும்பான் மாமரத்தை ஒட்டு வைத்தால் தாய்மரமே திரும்ப வரும். வெள்ளரிக்கு அந்த வழி கிடையாது. ஒரு பழத்துக்குள் சில நூறு விதைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தனிப் பிள்ளை. தகப்பன் வேறு வேறாக இருக்கலாம், தாய் ஒன்றுதான். ஆகவே ஒரே பழத்தில் ஆயிரம் விதை எடுத்தாலும் அது ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான், ஊர் ஆகாது. நாம் காப்பாற்ற வேண்டியது ஊரை.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒவ்வொரு கொடியிலும் ஒரு மரபணு இரண்டு பிரதியாக இருக்கும். வறட்சியைத் தாங்க உதவும் ஒரு மரபணு வடிவம் உங்கள் ஊர் வெள்ளரியின் அந்தப் பிரதிகளில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் இருக்கிறது என்று வையுங்கள். 5 கொடியிலிருந்து மட்டும் விதை எடுத்தால் அதைத் தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 60. 30 கொடியிலிருந்து எடுத்தால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 5 என்று குறைந்துவிடும். கொடிகளின் எண்ணிக்கைக்கு இவ்வளவு வலு இருக்கிறது.

அப்படி அரிதாகக் கிடக்கும் குணம் எப்போது தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது. 1920களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், இம்பீரியல் பள்ளத்தாக்கில், நம் வெள்ளரிப்பழத்தின் இனத்தையே சேர்ந்த முலாம்பழத்தின் தோட்டங்களைச் சாம்பல் நோய் அழித்தது. எதிர்ப்புச் சக்தி கிடைத்தது இந்தியாவிலிருந்து போன விதையில். அதைக் கலந்து உருவாக்கிய பி.எம்.ஆர். 45 என்ற வகை 1936இல் வெளியானது. சில ஆண்டுகளிலேயே நோயின் இன்னொரு வடிவம் வந்து அதையும் பிடித்தது. மறுபடியும் இந்திய விதைகளிடம்தான் போனார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வு 1,175 முலாம்பழ, வெள்ளரிப்பழ மாதிரிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டது. இந்தப் பயிரை மனிதர் மூன்று தடவை தனித்தனியாகப் பழக்கியிருக்கிறார்கள், அதில் இரண்டு தடவை இந்தியப் பகுதியில், ஒரு தடவை ஆபிரிக்காவில் என்பது அதன் முடிவு. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம் அந்தத் தாய்வீட்டுக்குப் பக்கத்து வளவுக்காரர்.

நம் வெள்ளரிப்பழத்தை விதைக் கம்பனிகள் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. பழுத்தால் வெடிக்கிற பழம் லொறியில் கொழும்புக்குப் போகாது. கடைத் தட்டில் ஒரு கிழமை இருக்காது. அது வீட்டு விதையாக இருந்தால்தான் உண்டு.

சரி, வேலைக்கு வருவோம்.

எது எதனோடு கலக்கும்

பெயர்களை நம்பி இறங்க வேண்டாம். வெள்ளரி, கெக்கரி என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இடம் மாறும். ஒரு வீட்டில் கெக்கரி என்பதை அடுத்த வீட்டில் வெள்ளரிக்காய் என்பார்கள். கலக்குமா இல்லையா என்பதைத் தாவரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பழுத்து வெடிக்கும் வெள்ளரிப்பழமும், கடையில் மெலன் என்று விற்கும் வலைத்தோல் முலாம்பழமும் தாவரவியலில் ஒரே இனம், குக்கூமிஸ் மெலோ. இரண்டும் தாராளமாகக் கலக்கும். பச்சையாகக் கடித்துச் சாப்பிடும் சலாட் வெள்ளரிக்காய் வேறு இனம். அதன் குரோமோசோம் 14, வெள்ளரிப்பழத்துக்கு 24. இவை கலக்கா. வத்தகப்பழத்துக்கு 22, அதுவும் கலக்காது. ஆகவே பக்கத்து வளவில் வத்தகையும் சலாட் வெள்ளரியும் படர்ந்தால் கவலை வேண்டாம். யாராவது கலப்பின மெலன் போட்டிருந்தால் கவனம் வேண்டும். வேலியோரம் தானாக முளைக்கும், முட்டையளவு காய்க்கும், கைக்கிற காட்டுக் கொடிகளிலும் இதே இனத்தைச் சேர்ந்தவை உண்டு. பூக்க முன் பிடுங்கிவிடுங்கள்.

ஒன்றைப் பலர் பிழையாக நினைக்கிறார்கள். வேறு வகையின் மகரந்தம் பட்டால் இந்த ஆண்டுப் பழத்தின் ருசி மாறாது. சதை தாய்க்கொடிக்குச் சொந்தம். மாற்றம் விதைக்குள் ஒளிந்திருந்து அடுத்த ஆண்டுதான் வெளியே வரும். பழம் நல்ல ருசி, ஆகவே விதையும் சுத்தம் என்று முடிவுகட்ட முடியாது.

விதை தேடுவது

கடைப் பைக்கற்றில் தேட வேண்டாம். பருவத்தில் சந்தைக்குப் போங்கள். மொத்த வியாபாரியைத் தாண்டி, கடகத்தில் ஐந்தாறு பழத்தோடு இருக்கும் அம்மாமாரிடம் போய் உட்காருங்கள். நான் கேட்பது இப்படித்தான்: "ஆச்சி, இது வீட்டு விதையோ, கடையில வாங்கின விதையோ?" பெரும்பாலும் முகம் மலர்ந்துவிடும். "இது எங்கட மாமியார் காலத்து விதை, பிள்ளை. முந்தி இதைவிட நீட்டு நீட்டாக் காய்க்கும்" என்று ஒரு ஆச்சி சொன்னார். அந்த ஒரு வரியில் இரண்டு தகவல் இருக்கிறது: விதையின் வயது, அது இழந்துகொண்டிருக்கும் குணம்.

ஒரே ஊரின் வெள்ளரியைக் காக்க நினைத்தால் அந்த ஊரில் முடிந்த அளவு பல வீடுகளிலிருந்து பழம் வாங்குங்கள். பத்து வீடு என்றால் நல்ல தொடக்கம். நல்லதை மட்டும் பொறுக்க வேண்டாம். கோடு போட்டது, வெறும் மஞ்சள், நீளமானது, குண்டு, எல்லாவற்றிலும் ஒன்று எடுங்கள். வேறு ஊர் விதையை வேறாகவே வைத்திருங்கள். செம்மண் தோட்டத்தில் தண்ணீர் இறைத்து வளர்த்ததும், வடமராட்சி கிழக்கின் மணலில் காற்றுக்கும் வெயிலுக்கும் நின்றதும் வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்தவை.

வாங்கின அன்றே எழுதிவையுங்கள். ஊர், மாதம், விற்றவர் சொன்ன பெயர் (அவர் சொன்ன உச்சரிப்பிலேயே), தோலின் நிறம், வெடித்ததா இல்லையா, சதை மாவா நீரா, வாசம், விதையின் அளவு. பழத்துக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்துப் படம் எடுத்தால் அளவு பிறகு விளங்கும். 1995 ஒக்டோபர் 30இல் போரால் வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது எத்தனை வீட்டு விதை முட்டிகள் அடுப்படிகளில் நின்றுவிட்டன என்று யாரும் எழுதிவைக்கவில்லை. திரும்பி வந்து கேட்டபோது அந்தப் பெயர்களை நினைவு வைத்திருந்தவர்களும் குறைந்திருந்தார்கள். எழுதுவதை வேலைக்கு வெளியே இருக்கும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

நடுவது

மாரி மழை ஓய்ந்து நெல் வெட்டு முடிந்த பிறகு, தை கடைசியிலும் மாசியிலும் மண்ணில் ஈரம் இருக்கும்போது போடலாம். தோட்டத்தில் இறைப்பு வசதி இருந்தால் கொஞ்சம் முந்திப் பிந்தினாலும் பரவாயில்லை. ஐந்தடிக்கு ஒரு குழி, நன்றாக மக்கிய மாட்டெரு, குழிக்கு நாலைந்து விதை, விரல் நுனியளவு ஆழம். விதையை இரவு ஊறவைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்தால் விரைவாக முளைக்கும். முளைத்த பிறகு குழிக்கு இரண்டு கன்றை விட்டு மற்றதைக் கலைக்க வேண்டும். கலைக்கும்போது எப்போதும் முந்தி முளைத்த, பெரிய கன்றையே விடாதீர்கள். அடுத்தடுத்த ஆண்டு அதையே செய்தால், மழை பிந்தினால் பிந்தி முளைத்துத் தப்புகிற குணத்தை நீங்களே பிடுங்கி எறிந்துவிடுவீர்கள்.

கொடிகள் 30க்குக் குறையாமல் இருக்கப் பாருங்கள். இடம் இல்லை என்றால் மூன்று வீடுகள் சேர்ந்து பத்துப் பத்தாக நடலாம், விதையைக் கடைசியில் கலக்கலாம். என் அனுபவத்தில் தனியாகச் செய்கிற ஒருவரைவிட மூன்று வீடு சேர்ந்த குழு நெடுநாள் நிற்கிறது. ஒரு வீட்டில் காய்ச்சல், கலியாணம், வெளிநாட்டுப் பயணம் என்று வந்தாலும் மற்ற இரண்டு வீட்டில் கொடி நிற்கும்.

முளைத்த நாளிலிருந்து சிவப்பு வண்டு இலையைச் சல்லடை ஆக்கும். காலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது கையால் பிடிக்கலாம், சாம்பல் தூவலாம். பிஞ்சைப் பழ ஈ குத்தும். குத்தின பிஞ்சை வளவில் விடாமல் எடுத்து ஆழப் புதையுங்கள், அல்லது பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

பூ

வேலையின் நுட்பம் எல்லாம் இங்கேதான். முதலில் ஆண்பூக்கள் வரும். பிஞ்சு பிடிக்கவில்லையே என்று பதற வேண்டாம், கிளைக்கொடிகளில் பெண்பூ பிறகு வரும். பெண்பூவின் அடியில் மயிர் படர்ந்த குட்டிப் பிஞ்சு இருக்கும். முலாம்பழ வகைகள் பலவற்றில் பிஞ்சுள்ள பூவுக்குள்ளேயே மகரந்தமும் இருக்கும். வெடிக்கும் வெள்ளரியில் பெரும்பாலும் பெண்பூ தனியாகவே இருக்கும். இதழைப் பிரித்து நீங்களே பாருங்கள். இருபாலாக இருந்தால் அந்தப் பூவின் மகரந்தப் பைகளை மொட்டிலேயே ஊசிமுனையால் எடுத்துவிட வேண்டும்.

சுற்றிவர ஒரு கிலோமீற்றருக்குள் வேறு மெலன் வகை எதுவும் இல்லையென்றால் தேனீயே வேலையைப் பார்த்துக்கொள்ளும். அது நீங்கள் செய்வதைவிட நன்றாகவே செய்யும், எத்தனையோ கொடியின் மகரந்தத்தைக் கலந்து தரும். ஆனால் யாழ்ப்பாணத்தில் வளவுகள் நெருக்கம். முதலில் அயலவரோடு பேசிப் பாருங்கள். "மாமி, இந்தமுறை மெலன் போடுறியளோ? போட்டால் எப்ப?" என்று கேட்டு, உங்கள் பூ முடிந்த பிறகு அவர் பூ வருகிற மாதிரி மூன்று நாலு கிழமை தள்ளி நட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பேச்சுக்கு வழியில்லாவிட்டால் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும்.

பின்னேரம் கொடிக்குப் போங்கள். நாளை விரியப்போகும் மொட்டு நுனி மஞ்சளாகிப் பருத்திருக்கும். அதில் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் நூலால் மெல்லச் சுற்றிக் கட்டிவிடுங்கள், காலையில் தேனீ உங்களை முந்தக் கூடாது. மறுநாள் ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் கட்டின ஆண்பூக்களைப் பறித்து, இதழைக் கிள்ளி, பெண்பூவின் சூலகமுடியில் தடவுங்கள். ஒரு பெண்பூவுக்கு வேறு வேறு கொடிகளின் இரண்டு மூன்று ஆண்பூ பிடியுங்கள். அப்புறம் பெண்பூவை மறுபடி கட்டி, காம்பில் நிற நூல் ஒன்று சுற்றி அடையாளம் வையுங்கள். அந்த நூல் இல்லாத பழத்தின் விதையை எடுக்கக் கூடாது.

பாதிக்கு மேல் உதிரும். இது உங்கள் கையின் குறை இல்லை, வெயில் கூடினால் கொடியே உதிர்க்கும். கொடியில் ஏற்கெனவே தேனீயால் பிடித்த பிஞ்சு நின்றால் அதைக் கிள்ளிக் கறிக்கு எடுத்தால், நீங்கள் சேர்த்த பிஞ்சு நிற்க வாய்ப்புக் கூடும். அந்தப் பிஞ்சைச் சமைக்க முன் ஒரு துண்டு நறுக்கி நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கடுமையாகக் கைத்தால் துப்பிவிட்டு முழுவதையும் எறியுங்கள். அந்தக் கைப்புச் சத்து வயிற்றைக் கெடுக்கும் நஞ்சு. அந்தக் கொடியை, ஒரு பூவும் மிஞ்சாமல், வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

எதைப் பிடுங்குவது, எதை விடுவது

கைக்கும் கொடியையும், இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகிச் சுருங்கிய வைரசுக் கொடியையும் யோசிக்காமல் பிடுங்கலாம். சில வைரசுகள் விதையோடு போகும். பழம் வலைத்தோலோடு, செம்மஞ்சள் சதையோடு வந்தால் முன்னொரு ஆண்டில் மெலன் புகுந்திருக்கிறது என்று பொருள். அதன் விதையையும் விடக் கூடாது. அதோடு நிறுத்துங்கள். மற்றவற்றைவிட நீளம், மற்றவற்றைவிடச் சின்னது, கோடு அதிகம், பத்து நாள் பிந்திப் பழுக்கிறது என்பதெல்லாம் குறை இல்லை. விதைச் சான்றிதழ்க்காரர் ஒரே மாதிரியைத் தேடுவார், அது அவருடைய தொழில். நாம் தேடுவது ஊரில் இருந்த அத்தனை முகமும்.

சந்தேகமான கொடிக்கு நான் செய்வது: அதன் விதையைத் தனிப் போத்தலில் எடுத்து, கேள்விக்குறி போட்டு, மறு ஆண்டு வளவின் மறுமூலையில் ஐந்து கொடி போட்டுப் பார்ப்பேன். பூ எல்லாவற்றையும் கிள்ளி, ஒவ்வொரு கொடியிலும் கையால் சேர்த்த ஒரு பழம் மட்டும் விடுவேன். பிள்ளைகள் பல வடிவமாகச் சிதறி, அதில் ஒன்றிரண்டு மெலன் முகம் காட்டினால் கலப்பு என்று முடிவு.

பழமும் விதையும்

மகரந்தம் சேர்த்து முப்பது நாற்பது நாளில் பழம் பழுக்கும். கோயிலில் ஐயர் ஓதும் மிருத்யுஞ்சய மந்திரத்தில் உர்வாருகம் என்று வருவது இந்தக் குடும்பத்துக் கனிதான். பழுத்த கனி கொடியிலிருந்து தானாக விடுபடுவதுபோல மரணத்திலிருந்து விடுவி என்று கேட்கிறது அந்த மந்திரம். விதைக்கும் அதுவே பக்குவம். தோல் கீறத் தொடங்கியதும் பனையோலையாலோ வாழைநாராலோ சுற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் சிதறும், அணிலும் எறும்பும் பங்கு கேட்கும். பறித்து இரண்டு நாள் நிழலில் வைத்தால் விதை இன்னும் முற்றும்.

சாப்பிட முன் விதையைச் சதையோடு வழித்து மண்சட்டியில் போட்டு, ஒரு நாள், கூடினால் ஒன்றரை நாள் புளிக்க விடுங்கள். நம் வெக்கைக்கு மூன்று நாள் விட்டால் உள்ளேயே முளைத்துவிடும். பிறகு கழுவினால் சப்பட்டை மிதக்கும், நல்லது அடியில் தங்கும். சுளகில் பரவி, நிழலில் காற்றுப்பட ஒரு கிழமை காயவையுங்கள். மத்தியான வெயில் வேண்டாம். விதையை விரலால் வளைத்தால் வளையாமல் சடக்கென்று உடைய வேண்டும்.

இப்போதுதான் முக்கியமான கணக்கு. ஒவ்வொரு பழத்திலிருந்தும் ஒரே அளவு விதை எடுத்துக் கலக்க வேண்டும். பெரிய பழத்தில் அறுநூறு விதையும் சின்னதில் நூறும் இருந்தால், இரண்டிலும் ஐம்பது ஐம்பது. மிச்சத்தை அயலுக்குக் கொடுங்கள்.

வைப்பது

கடற்காற்றின் ஈரம்தான் நமக்குப் பெரிய எதிரி. பச்சையரிசியைப் பொன்னிறமாக வறுத்து, சூடு முற்றாக ஆறின பிறகு, விதையின் நிறைக்குச் சமமாகக் கண்ணாடிப் போத்தலின் அடியில் போடுங்கள். அதன்மேல் துணிப்பையில் விதையை வைத்து இரண்டு கிழமை இறுக மூடிவைத்தால் அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு அரிசியை எடுத்துவிட்டு மூடுங்கள். விதையின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், வெப்பம் 5 பாகை குறைந்தாலும் அப்படியே என்பது விதைக்காரரின் பழைய கணக்கு. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், எடுத்த உடனே மூடியைத் திறக்காதீர்கள். போத்தலின் வெளிப்பக்கம் வியர்ப்பது நிற்கும்வரை பொறுங்கள்.

ஒழுங்காகக் காய்ந்தது ஐந்து ஆண்டு முளைக்கும். ஆனாலும் ஒரு போத்தலை ஒரு வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். இன்னொன்று வேறு ஊரில் ஒரு சகோதரியிடமோ சிநேகிதரிடமோ இருக்கட்டும். மூன்றாவது, பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் உள்ள தாவர மரபணு வளங்கள் நிலையம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எப்படிச் சேர்ப்பதென்று வழி சொல்வார், நீங்கள் எழுதிவைத்த குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் கேட்டால் பயணப்பெட்டியில் சொருகி அனுப்ப வேண்டாம். விதை எல்லை தாண்ட தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி வேண்டும், நோயும் விதையோடு பயணம் செய்யும்.

மறு ஆண்டு விதைக்கும்போது போத்தலில் பாதியை மட்டும் எடுங்கள். ஒரு கொடியும் மிஞ்சாமல் போகிற ஆண்டு எல்லோருக்கும் ஒன்று வரும், எனக்கு இரண்டு வந்தது. அந்த ஆண்டுகளில் மிச்சப் பாதியில் இருந்துதான் மறுபடி தொடங்கினேன். அறுவடை நன்றாக இருந்தால் புது விதையோடு பழையதில் ஒரு பிடியைக் கலந்து, போத்தலில் இரண்டு ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள்.